எருக்கிலை முதல் கணினி வரை: எஃகின் கதை

எங்கள் ஜவ்வாது மலையிலிருந்து தெற்கே இறங்கித் தென்பெண்ணையைத் தாண்டினால் பழைய தென்னாற்காடு மாவட்டம். அங்கே மேல்சிறுவளூரில் 1990-களில் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் உடைந்த மண்மூசைகளைக் கண்டறிந்தார். மூசை என்றால் உலோகம் உருக்கும் மண் குடுவை. இவை எஃகு உருக்கிய மூசைகள். வெளிநாட்டார் 'ஊட்ஸ்' என்று வியந்த எஃகு இது தான்!

எப்படிச் செய்தார்கள்? 1830-ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஆங்கிலேயர் ஜோசயா மார்ஷல் ஹீத் அதை எழுதி வைத்தார். இரும்புத் துண்டுகளோடு உலர்ந்த ஆவாரங்கட்டையை மூசையில் போடுவார்கள். மேலே எருக்கிலை. வாயைக் களிமண்ணால் அடைத்து, சுமார் இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். கட்டையிலும் இலையிலும் உள்ள கரி இரும்பில் ஏறும். ஊட்ஸில் கரியின் அளவு சுமார் 1.5 சதவீதம்.

எவ்வளவு கட்டை, எத்தனை நேரம் ஊதுவது என்ற கணக்கெல்லாம் கொல்லர்களின் கையிலும் கண்ணிலும் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் மலிவான சீமை இரும்பு வந்தது. உலைகள் அணைந்தன. கணக்கும் கூடவே போயிற்று.

அதன்பின் எத்தனை பாடு பாருங்கள்! கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே 1819-ல் ஊட்ஸை ஆராயத் தொடங்கி, எஃகுக் கலவைகள் பற்றி 1822-ல் கட்டுரை வெளியிட்டார். ரகசியம் பிடிபடவில்லை. டமாஸ்கஸ் வாள்களின் அலைக்கோலத்துக்கு வனேடியம் போன்ற நுண் கலப்புகள் காரணம் என்று வெர்ஹோவன் குழு 1998-ல் தான் விளக்கியது.

அதே 1822-ல் பாரிசில் ஃபூரியே வெப்பம் பரவுவதற்கான சமன்பாட்டைப் புத்தகமாக வெளியிட்டார். இன்றைய எஃகு ஆலைக் கணினி மாதிரிகளுக்கு அது ஓர் அடிப்படை. தொடர் வார்ப்பை எடுத்துக்கொள்வோம். உருகிய எஃகு, நீரால் குளிரும் செப்பு அச்சுக்குள் இறங்குகிறது. ஓரம் ஓடாக உறையும். நடுவில் இன்னும் குழம்பு. அவசரப்பட்டு இழுத்தால் ஓடு கிழிந்து எஃகு கொட்டிவிடும். மெதுவாக இழுத்தால் உற்பத்தி குறையும். உள்ளே கண் போகாது. எனவே கணினியில் எஃகை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நொடிக்கு நொடி எவ்வளவு வெப்பம் வருகிறது, போகிறது என்று கணக்கிடுகிறார்கள். ஓட்டின் தடிமன் தெரிந்துவிடும். தவறுகளை ஆலையில் செய்து பார்க்காமல் திரையில் செய்து பார்க்கலாம்!

புனேயில் 1981-ல் தொடங்கிய டாடா ஆய்வு மையம் இத்துறையில் உழைத்து வருகிறது. எஃகு உருக்குவதில் தொடங்கி பல்சக்கரம் ஆகும் வரை எல்லாப் படிகளையும் ஒரே சங்கிலியாக மாதிரிகளில் இணைக்கும் முயற்சியும் அங்கு நடந்தது.

ஆனால் ஆலையில் அளந்த வெப்பநிலை தவறென்றால் மாதிரியின் விடையும் தவறு தான். உலையருகே நிற்பவரின் அனுபவம் இன்றும் வேண்டும். அன்றைய கொல்லரின் கணக்கை யாரும் முழுதாகக் குறித்து வைக்கவில்லை. இன்றைய உலைக்காரரின் கணக்கையாவது கேட்டு எழுதி வைப்போம்.