டால்பி சரவுண்ட் 7.1

டால்பி சரவுண்ட் 7.1 என்பது திரையரங்குகளில் பயன்படும் எட்டுத் தடங்கள் கொண்ட எண்முறை ஒலியமைப்பு ஆகும். டால்பி ஆய்வகம் இதனை 2010 ஆம் ஆண்டில் அறிமுகம் செய்தது. அவ்வாண்டு சூன் மாதம் வெளியான பிக்சார் நிறுவனத்தின் டாய் ஸ்டோரி 3 இம்முறையில் வெளிவந்த முதல் திரைப்படமாகும். முந்தைய 5.1 முறையில் இரண்டாக இருந்த சூழொலித் தடங்கள் இதில் நான்காயின. திரைக்குப் பின்னுள்ள இடது, நடு, வலது தடங்களும், தாழ் அதிர்வெண் ஒலிக்கான தனித் தடமும் மாறவில்லை. பெயரிலுள்ள ".1" அத்தாழ் அதிர்வெண் தடத்தையே குறிக்கிறது.

1993 இல் வந்த சோனியின் எஸ்.டி.டி.எஸ். முறையிலும் எட்டுத் தடங்கள் உண்டு. ஆனால் அதில் ஐந்து தடங்கள் திரைக்குப் பின்னால் இருந்தன, சூழொலி இரண்டே. எனவே இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

பின்னணி

5.1 அரங்கில் இடப்பக்கச் சுவரிலும் பின்சுவரின் இடப்பாதியிலும் உள்ள ஒலிபெருக்கிகள் அனைத்தும் ஒரே ஒலியைத் தரும். வலப்பக்கமும் அவ்வாறே. இதனால் பார்வையாளருக்குப் பின்னிருந்து வரும் ஒலியையும் பக்கத்திலிருந்து வரும் ஒலியையும் வேறுபடுத்திக் காட்ட இயலாது.

இக்குறையைக் களைய 1999 இல் ஸ்டார் வார்ஸ் வரிசையின் தி பான்டம் மெனஸ் படத்துடன் டால்பி டிஜிட்டல் சரவுண்ட் இஎக்ஸ் என்ற முறை வந்தது. 35 மி.மீ. படச்சுருளில் துளைகளுக்கு இடையே பதிக்கப்பட்ட டால்பி டிஜிட்டல் தரவு, நொடிக்கு 320 கிலோபிட் அளவே கொண்டது. அது ஆறு தடங்களுக்கானது. ஆகவே பின்புற ஒலியை இடது, வலது சூழொலித் தடங்களுக்குள்ளேயே கலந்து வைத்து, அரங்கில் ஒரு கருவியின் துணையால் பிரித்தெடுத்தனர். இது திறமையான வழியே எனினும், கலந்த ஒலியை முற்றாகப் பிரிக்க முடியாது. ஓரளவு கசிவு இருக்கும்.

படச்சுருளுக்கு மாற்றாக வந்த எண்முறைத் திரைப்படத் தொகுப்பில் 16 ஒலித்தடங்கள் வரை சுருக்கப்படாமல் இடம்பெறலாம். அதன்பின் பின்புறத் தடங்களை மறைத்து வைக்கத் தேவை இல்லாது போயிற்று.

அரங்குகளில் மேம்படுத்தல்

5.1 அரங்கொன்றை 7.1 ஆக்கப் பெரும்பாலும் புதிய ஒலிபெருக்கிகள் வேண்டியதில்லை. இருப்பவற்றின் கம்பி இணைப்பைப் பிரித்து, இடப்பக்கம், வலப்பக்கம், பின் இடது, பின் வலது என நான்கு தொகுதிகளாக்குவர். கூடுதலாக இரண்டு மிகைப்பித் (ஆம்ப்ளிபையர்) தடங்களும், எட்டுத் தடங்களைக் கையாளும் ஒலிச்செயலியும் தேவை.

செலவு குறைவாகத் தோன்றினாலும் இங்கு ஒரு சிக்கல் உண்டு. இடப்பாதியில் பக்கச்சுவரில் எட்டும் பின்சுவரில் நான்குமாகப் பன்னிரண்டு ஒலிபெருக்கிகள் உள்ளன எனக் கொள்வோம். முன்பு பன்னிரண்டும் சேர்ந்து தந்த 82 டெசிபெல் அளவைப் பின்சுவரின் நான்கு மட்டுமே தர வேண்டுமெனில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று மடங்கு திறனைத் தாங்க வேண்டும். பழைய சிறு ஒலிபெருக்கிகள் உரத்த காட்சிகளில் இதற்கு ஈடுகொடுக்காமல் ஒலி சிதையலாம். கம்பியை மட்டும் பிரித்துவிட்டு 7.1 என விளம்பரம் செய்வது இக்காரணத்தால் போதாது.

பிரித்தபின் ஒவ்வொரு தொகுதியையும் பிங்க் இரைச்சல் எனப்படும் சோதனை ஒலியைக் கொண்டு தனித்தனியே அளந்து சரிசெய்வர். நேர், எதிர் முனைகள் மாறி இணைக்கப்பட்டிருந்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அடிக்கடி நேரும் பிழை இது. காலத் தாழ்வும் கணக்கிடப்பட வேண்டும். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிநொடி ஆகிறது. திரையிலிருந்து 30 மீட்டர் தள்ளியிருக்கும் கடைசி வரிசையை அது அடைய 90 மில்லிநொடிக்குச் சற்றுக் குறைவாகும். பின்சுவர் ஒலி தாழ்த்தப்படாவிடில் அது முந்திக்கொண்டு, உரையாடலே பின்னாலிருந்து வருவது போன்ற மயக்கத்தைத் தரும்.

பழைய 5.1 படங்களைத் திரையிடும்போது ஒரு சூழொலித் தடம் இரண்டு தொகுதிகளுக்கும் செல்லும். அப்போது அளவைக் குறைக்காவிடில் சூழொலி சுமார் 3 டெசிபெல் மிகுந்துவிடும்.

பிற்கால வளர்ச்சி

2012 இல் பிரேவ் படத்துடன் டால்பி அட்மோஸ் வந்தது. இது கூரையிலும் ஒலிபெருக்கிகளை அமைத்து, 64 வெளியீடுகள் வரை தனித்தனியே இயக்கவல்லது. தமிழில் சிவாஜி படத்தின் முப்பரிமாண வடிவம் அதே ஆண்டு திசம்பரில் இம்முறையில் வெளியானது. எனினும் அட்மோஸ் கருவி இல்லாத அரங்குகளுக்காக 5.1 அல்லது 7.1 ஒலிக்கலவையும் அத்தகைய படங்களின் தொகுப்பில் இடம்பெறுகிறது.

இவற்றையும் பார்க்கவும்
டால்பி டிஜிட்டல்
டால்பி அட்மோஸ்
சூழொலி