சென்னை நகர எல்லை
சென்னை நகர எல்லை என்பது சென்னை மாநகராட்சியின் ஆட்சிப் பரப்பை வரையறுக்கும் எல்லை ஆகும். மாநகராட்சி 1688இல் நிறுவப்பட்டது. 1793ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம், நகரின் துப்புரவுக்கும் காவலுக்கும் வீட்டு வரி விதிக்க வழி செய்தது. வரி செலுத்த வேண்டியவர் யார் என்பதை முடிவு செய்ய எல்லை இன்றியமையாததாயிற்று.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கம்பெனி அரசு வகுத்த எல்லை பெரும்பாலும் நீர்நிலைகளை ஒட்டியே சென்றது. தெற்கே அடையாறு, மேற்கே மயிலாப்பூர், நுங்கம்பாக்கம் ஏரிகளின் கரைகள். (மயிலாப்பூர் ஏரி 1920களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் ஆனது, அந்தக் கரையை இன்று தேடிக் காண்பது கடினம்.) 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகரின் பரப்பு ஏறத்தாழ 27 சதுர மைல்.

அடையாற்றுக்குத் தெற்கே செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த பெருங்குடி, 1946, 1978 ஆகிய ஆண்டுகளின் விரிவாக்கங்களிலும் நகரில் சேர்க்கப்படவில்லை. ஆனால் நகரின் குப்பை எல்லையைத் தாண்டியது. 1980களிலிருந்து பெருங்குடியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில், மாநகராட்சி குப்பை கொட்டி வந்தது. அந்தப் புகையைச் சுவாசித்த ஊராருக்கு மாநகராட்சி மன்றத் தேர்தலில் வாக்குரிமை கிடையாது. 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது பெருங்குடிப் பேரூராட்சி அதனுடன் இணைக்கப்பட்டது. மாநகராட்சியின் 14ஆவது மண்டலம் இவ்வூரின் பெயரைக் கொண்டுள்ளது.