மதுரைத் தெப்பம்

மதுரைத் தெப்பம் என்பது மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் தெப்பத் திருவிழாவில், தைப்பூச நாளன்று வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் வலம் வரும் மிதவை ஊர்தி ஆகும். கடலில்லாத மதுரைச் சமவெளியில் பெருங்கூட்டத்தைக் கரைக்கு வரவழைக்கும் நீரூர்தி இது. பொறியோ பாயோ சுக்கானோ இதற்குக் கிடையாது. ஒரு கப்பல் தன்னுடனேயே சுமந்து செல்லும் உறுப்புகளுள் பாதி, தெப்பத்தைப் பொறுத்தவரை கரையில் அமைந்துள்ளன. இக்கட்டுரை தெப்பத்தின் பாகங்களையும் அவை ஆற்றும் பணிகளையும் விளக்குகிறது.

பெயர்

நீரில் மிதக்குமாறு ஒன்றாகப் பிணைக்கப்பட்ட கட்டைகளைக் குறிக்கும் சொல் தெப்பம். புணை, மிதவை என்பனவும் ஏறத்தாழ இதே பொருளன. இலங்கையின் தமிழ்ப் பகுதிகளில் மீனவர் பயன்படுத்தும் கட்டைமிதவையும் தெப்பம் என்றே வழங்கப்படுகிறது. தமிழகத்தின் உட்பகுதிகளில் இச்சொல் பெரும்பாலும் கோயில் மிதவைக்கே உரியதாகிவிட்டது. தெப்பம் ஓடும் குளம் தெப்பக்குளம். பேச்சுவழக்கில் குளத்தையே தெப்பம் என்பதும் உண்டு. மதுரையில் 'தெப்பக்குளம்' என்று மட்டும் சொன்னால் அது வண்டியூர்த் தெப்பக்குளத்தையே குறிக்கும்.

மிதவை அடுக்கு

தெப்பத்தின் அடிப்பகுதி, கப்பலின் உடற்கூட்டிற்கு இணையானது. கப்பலின் உடற்கூடு ஒரே பெரிய வெற்றுக் கலம். தெப்பத்தில் அதே பணியைக் காற்றடைத்து வாய் மூடப்பட்ட பல பீப்பாய்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. தமிழ்நாட்டின் பெரிய தெப்பங்கள் பலவும் இவ்வாறே கட்டப்படுகின்றன. திருவாரூர்க் கமலாலயக் குளத்தின் தெப்பத்திற்கு நானூறுக்கும் மேற்பட்ட பீப்பாய்கள் தேவைப்படுகின்றன. எஃகுப் பீப்பாய் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான பொருள் ஆதலால், அதற்கு முந்தைய தெப்பங்கள் மரத்தையும் மூங்கிலையும் நம்பியே மிதந்திருக்க வேண்டும்.

பீப்பாய் எவ்வளவு தாங்கும் என்பதை ஆர்க்கிமிடீசு தத்துவத்தைக் கொண்டு எளிதில் கணக்கிடலாம். 200 லிட்டர் கொள்ளளவுள்ள எஃகுப் பீப்பாய் முழுவதும் அமிழ்ந்தால் 200 கிலோகிராம் நீரை விலக்கும். அதன் சொந்த எடை ஏறத்தாழ 20 கிலோகிராம். ஆகவே மேலே 180 கிலோகிராம் வரை சுமத்தலாம். ஆனால் முழுவதும் அமிழும்படி எவரும் தெப்பம் கட்டுவதில்லை. பாதி அமிழ்ந்த நிலையில் ஒரு பீப்பாய் 80 கிலோகிராம் தாங்கும் எனக் கொண்டால், நூறு பீப்பாய்கள் 8 டன் தாங்கும். மரச்சட்டம், மண்டபம், உற்சவத் திருமேனிகள், அர்ச்சகர்கள், இசைக்கலைஞர்கள், பணியாளர்கள் என அனைத்தும் இக்கணக்கிற்குள் அடங்கியாக வேண்டும். தெப்பத்தில் ஏறுவோர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது ஒழுங்கிற்காக மட்டுமன்று என்பது இதிலிருந்து விளங்கும்.

பீப்பாய் அடுக்கில் மற்றொரு நன்மையும் உண்டு. கப்பலின் உடற்கூட்டினுள் குறுக்குச் சுவர்கள் எழுப்பி அதை நீர்புகா அறைகளாகப் பிரிப்பர். ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் கப்பல் மூழ்காதிருக்கவே இந்த ஏற்பாடு. தெப்பத்தில் ஒவ்வொரு பீப்பாயும் தனியறை. ஒன்றில் நீர் புகுந்தால் அதன் தூக்குவிசை மட்டுமே குறையும். எனினும் ஒரே பக்கத்துப் பீப்பாய்கள் பல பழுதானால் தெப்பம் அப்பக்கமாகச் சாயும்.

சட்டகமும் தளமும்

பீப்பாய்களின் மேல் நெடுக்காகவும் குறுக்காகவும் கட்டைகள் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டப்படுகின்றன. இச்சட்டகம், தனித்தனியே மிதக்க முயலும் பீப்பாய்களை ஓருடலாக்குகிறது. ஓரிடத்தில் விழும் எடையைப் பல பீப்பாய்களுக்குப் பகிர்ந்தளிப்பதும் இதுவே. இதன் மேல் பரப்பப்படும் பலகைகள் தளமாகின்றன.

தளம் சதுரமாகவோ சதுரத்தை ஒட்டியோ அமைவது அழகுக்காக மட்டும் அன்று. மிதக்கும் பொருள் சாயும்போது அதை மீண்டும் நிமிர்த்தும் ஆற்றல், அகலத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. நீளம் மாறாமல் அகலத்தை இருமடங்காக்கினால் அவ்வாற்றல் எட்டு மடங்காகும். கப்பல் விரைந்து செல்ல வேண்டியது. ஆதலால் அதன் முன்பகுதியாகிய அணியம் கூராக, உடல் நீண்டு ஒடுங்கியிருக்கும். தெப்பம் விரைய வேண்டியதில்லை, சாயாமலிருந்தால் போதும். நீரைக் கிழிக்க அணியமும் வேண்டியதில்லை, திசைமாற்றப் பின்பகுதியாகிய அமரத்தில் சுக்கானும் வேண்டியதில்லை.

மேற்கட்டுமானம்

தளத்தின் நடுவே தூண்கள் நிறுத்தி, மண்டபமும் அதன் மேல் அடுக்கடுக்கான கூரையும் எழுப்பப்படும். தேரைப் போலவே வண்ணத் துணிகள், தொம்பைகள், மாலைகள், மின்விளக்குகள் கொண்டு இது ஒப்பனை செய்யப்படுகிறது. திருமேனிகள் எழுந்தருளும் இடம் மண்டபத்தின் நடுப்பகுதி.

மேற்கட்டுமானம் உயரமாக இருந்தாலும் எடை குறைவாக இருக்க வேண்டும். மூங்கில், துணி, மெல்லிய பலகை போன்றவற்றால் அது அமைவதற்குக் காரணம் இதுவே. எடைமிக்க பொருள் மேலே இருந்தால் புவியீர்ப்பு மையம் உயர்ந்து, தெப்பம் தள்ளாடத் தொடங்கும். உல்லாசக் கப்பல்களின் மேல்தளங்களை எஃகுக்குப் பதில் அலுமினியத்தால் கட்டுவதுண்டு. அதன் நோக்கமும் இதுவே.

வடமும் கழியும்

தெப்பத்தின் இயக்குவிசை வடம். தெப்பத்தில் கட்டப்பட்ட நீண்ட கயிற்றைக் கரையில் நின்று பக்தர்கள் இழுப்பர். தேரின் வடத்தை இழுப்பதற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. தேரில் இழுப்போர் தேருக்கு நேர்முன்னே செல்வர். தெப்பத்தில் இழுப்போர் கரையிலும் தெப்பம் நீரிலுமாக இருப்பதால், வடம் எப்போதும் சாய்வாகவே இருக்கும். அதன் விசையில் ஒரு பகுதி தெப்பத்தை முன்னோக்கிச் செலுத்தும். மற்றொரு பகுதி கரையை நோக்கி இழுக்கும். வடம் நீளமாகவும் இழுப்போர் தெப்பத்திற்கு வெகுதூரம் முன்னேயும் இருந்தால் கரையை நோக்கிய விசை குறையும்.

எஞ்சும் விசையைச் சமாளிக்கத் தெப்பத்தின் மேலிருப்போர் நீண்ட கழிகளைக் கொண்டு ஊன்றித் தள்ளுவது பல ஊர்களிலும் உள்ள முறை. சுக்கானின் வேலையில் பெரும்பங்கைக் கழியே செய்கிறது. குளத்தின் நான்கு மூலைகளிலும் கழிக்கு வேலை மிகுதி. மதுரையில் வலம் தொடங்கும் முன்பே 'தெப்பம் முட்டுத்தள்ளுதல்', 'தேர்த்தடம் பார்த்தல்' என்னும் நிகழ்ச்சிகள் திருவிழாவின் பகுதியாக நடைபெறுகின்றன. புதிய கப்பலைப் பணிக்கு விடுமுன் கடலில் ஓட்டிப் பார்க்கும் வழக்கத்தோடு இவற்றை ஒப்பிடலாம்.

குளம்

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், மீனாட்சி கோயிலுக்குக் கிழக்கே வைகையின் தென்புறத்தில் அமைந்துள்ளது. திருமலை நாயக்கரால் (ஆட்சிக்காலம் 1623–1659) 1645ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. மகால் கட்டுமானத்திற்கு மண் எடுத்த பள்ளமே குளமாயிற்று என்றும், அவ்வாறு தோண்டுகையில் கிடைத்த திருமேனியே மீனாட்சி கோயிலிலுள்ள முக்குறுணி விநாயகர் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. தெப்பத் திருவிழா தைப்பூசத்தில் அமைந்ததற்கு, பூசம் திருமலை நாயக்கரின் பிறந்த நாள்மீன் என்பதே காரணமாகக் கூறப்படுகிறது.

குளம் ஏறத்தாழ 1000 அடி நீளமும் 950 அடி அகலமும் கொண்டது. கரைகளில் கருங்கற் படிக்கட்டுகளும் சுற்றுச்சுவரும் உள்ளன. நடுவிலுள்ள தீவில் மைய மண்டபம் அமைந்துள்ளது. இம்மண்டபத்தைச் சுற்றியே தெப்பம் வலம் வருகிறது. கரையோரமாக அளந்தால் ஒரு சுற்று 1 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும்.

குளத்தின் பரப்பை உணர ஓர் ஒப்பீடு உதவும். 2022ஆம் ஆண்டு சூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசப் பயணம் தொடங்கிய 'எம்பிரசு' என்னும் கப்பலின் நீளம் ஏறத்தாழ 211 மீட்டர். தெப்பக்குளத்தின் நீண்ட பக்கமோ ஏறத்தாழ 305 மீட்டர். நீளத்தைப் பொறுத்தவரை அக்கப்பலை ஒரு கரையோரமாக நிறுத்திவிடலாம். ஆனால் அது மிதக்க ஏறத்தாழ 7 மீட்டர் ஆழம் வேண்டும். அவ்வளவு ஆழம் குளத்தில் இல்லை.

தெப்பத்திற்கு அத்தகைய ஆழம் தேவையில்லை. கிடையாக வைத்த பீப்பாயின் விட்டம் 58 செ.மீ. அளவே ஆதலால், இடுப்பளவு நீரிலும் தெப்பம் மிதந்துவிடும். ஆயினும் குளத்தின் பரப்பு ஏறத்தாழ 88,000 சதுர மீட்டர். மைய மண்டபத் தீவைக் கழிக்காமல் பார்த்தால், ஒரு மீட்டர் உயரத்திற்கு நீர் நிரப்ப 8.8 கோடி லிட்டர் வேண்டும். 10,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் கொண்டுவருவதானால் 8,800 நடை. நிலம் உறிஞ்சுவதும் வெயிலில் ஆவியாவதும் இக்கணக்கில் சேரவில்லை. இவ்வளவு நீரை ஆறு மட்டுமே எளிதாகத் தரமுடியும். எனவே வைகையிலிருந்து குளத்திற்கு நீர் கொணரும் வாய்க்காலையும் தெப்பத்தின் ஒரு பாகமாகக் கருதுவது தவறாகாது.

திருவிழா நாள்

தெப்பத்திற்கு முந்தைய நாள்களில் சிந்தாமணியில் கதிரறுப்புத் திருவிழா நடைபெறும். தைப்பூசத்தன்று விடியலில் மீனாட்சியம்மனும் சுந்தரேசுவரரும் கோயிலிலிருந்து புறப்பட்டுத் தெப்பக்குளம் வந்தடைவர். அவர்கள் இரவில் திரும்பும்வரை கோயில் நடை சாத்தப்படுவது வழக்கம். தெப்பம் காலையில் இருமுறையும் மாலைக்குப் பின் ஒருமுறையும் வலம் வரும். முழுநிலவும் மைய மண்டபத்தின் விளக்குகளும் நீரில் தெரியும் மூன்றாவது வலத்தைக் காணவே சுற்றுவட்டார ஊர்களிலிருந்து மக்கள் பெருமளவில் கூடுகின்றனர்.

நிலைத்தெப்பம்

குளத்தில் நீரில்லாத ஆண்டுகளில் தெப்பம் கட்டப்பட்டாலும் ஓடுவதில்லை. ஓரிடத்தில் நிறுத்தப்பட்ட தெப்பத்தில் திருமேனிகள் எழுந்தருளுவதோடு விழா நிறைவுறும். இது நிலைத்தெப்பம் எனப்படுகிறது. வடமும் கழியும் அப்போது பயனற்றவை. வண்டியூர்த் தெப்பக்குளம் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு, சிறுவர் மட்டைப்பந்து விளையாடும் திடலாக இருந்த காலம் நெடியது. அக்காலத்தில் சில ஆண்டுகள் நிலைத்தெப்பமே நடந்தது. சில ஆண்டுகளில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொண்டு ஓரளவு நிரப்பித் தெப்பம் விடப்பட்டது.

வைகையில் ஆண்டு முழுதும் நீரோட்டம் இல்லை என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. ஆற்றில் நீர் ஓடிய ஆண்டுகளிலும் குளம் வறண்டே கிடந்ததுண்டு. ஆற்று மணல் அள்ளப்பட்டுப் படுகை தாழ்ந்தால் வாய்க்காலின் தலைப்பு உயரத்தில் நின்றுவிடும். நகரினுள் வாய்க்கால்கள் குப்பையாலும் கழிவுநீராலும் தூர்ந்தால் வந்த நீரும் குளத்தைச் சேராது. 2010களின் இறுதியில் பனையூர் வாய்க்கால் வழி சீரமைக்கப்பட்டு வைகை நீர் மீண்டும் குளத்திற்கு வரத் தொடங்கியது. அதன் பின் தெப்பம் நீரில் ஓடுவது எளிதாயிற்று.

மதுரையின் பிற தெப்பங்கள்

திருப்பரங்குன்றம் முருகன் கோயிலின் தெப்பத் திருவிழாவும் தை மாதத்திலேயே நடைபெறுகிறது. அழகர்கோயிலுக்குரிய தெப்பம் பொய்கைக்கரைப்பட்டித் தெப்பக்குளத்தில் மாசி முழுநிலவு நாளில் விடப்படுகிறது. டவுன்ஹால் சாலையை ஒட்டியுள்ள கூடலழகர் பெருமாள் கோயில் தெப்பக்குளம் நாற்புறமும் கடைகளால் சூழப்பட்டு, நீர்வரத்து அற்றுப் பல்லாண்டுகள் வறண்டு கிடந்தது. அங்கு நிலைத்தெப்பமே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. மீனாட்சி கோயிலுக்குக் கிழக்கே இருந்த எழுகடல் என்னும் குளம் முற்றிலும் மறைந்து, அவ்விடத்தில் வணிக வளாகம் எழுந்துவிட்டது. குளத்தின் பெயர் இப்போது எழுகடல் தெருவில் மட்டும் உள்ளது.