த சோங்ஸ் ஒஃப் டிஸ்டன்ட் ஏர்த் (இசைத்தொகுப்பு)

ஆங்கில இசைக்கலைஞர் மைக் ஓல்ட்ஃபீல்டின் 16ஆவது ஸ்டூடியோ இசைத்தொகுப்பு, 1994இல் வெளியானது. இதன் வேர் கொழும்பில் இருக்கிறது. அங்கு கறுவாத்தோட்டம் பார்ன்ஸ் பிளேஸில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க் 1986இல் வெளியிட்ட, இதே பெயர் கொண்ட அறிவியல் புனைகதை நாவலே மூலம்.

சூரியன் வெடித்து அழியவிருக்க, பூமியின் கடைசி மனிதர்கள் ‘மகெலன்’ விண்கலத்தில் புறப்பட்டு, வழியில் தலாசா என்னும் கடல்சூழ் கோளில் தங்குவதுதான் கதை. ஓல்ட்ஃபீல்ட் அதை வரிவரியாகச் சொல்ல முயலவில்லை. கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்திசைக் குரல்களும் இழைய, ஒரு பகுதி மற்றதற்குள் கரைந்து ஓடுகிறது. தொடக்கத்தில் கேட்பது, 1968இல் அப்பலோ 8 வீரர்கள் சந்திரனைச் சுற்றியபடி வாசித்த பைபிள் பகுதி. அறிமுகவுரை கிளார்க்குடையது.

கதை தெரியாதவருக்கு இது வெறும் இதமான பின்னணி இசையாகப் படலாம்; நாவலை முதலில் படித்துவிடுவதே நல்லது.