காதை அடைக்காத ஹெட்போன்

1939-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. அக்காலத்தில் வால்வு ரேடியோவின் விலை அதிகம். நிலையத்திற்கு அண்மையில் வசிப்பவருக்கோ கிரிஸ்டல் செட் ஒன்றே போதும். ஒரு கம்பிச்சுருள், கலீனா என்னும் ஈயத் தாதுத் துண்டு, நீண்ட ஏரியல், பாட்டரிகூட வேண்டாம். ஆனால் ஏரியலில் கிடைக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது. அதனால் ஒலிபெருக்கியை இயக்க முடியாது. ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

அந்த ஹெட்போன், காந்தமும் இரும்புத் தகடும் அடங்கிய இரண்டு கெட்டிக் கிண்ணங்கள். தலையைக் கவ்வும் எஃகுப் பட்டை. அரை மணி நேரத்தில் காது வலிக்கும். பின்னர் மெத்தை வைத்த ஹெட்போன்கள் வந்தன. வலி குறைந்தது, புழுக்கம் கூடியது. திருச்சி வெயிலில் இரு காதுகளையும் மெத்தையால் மூடிப் பாருங்கள், தெரியும்!

ஏன் மூடினார்கள்? ஹெட்போனின் தகடு முன்னும் பின்னும் அதிர்ந்து, இருபுறமும் காற்றைத் தள்ளுகிறது. முன்புற அலையும் பின்புற அலையும் எதிரெதிரானவை. இரண்டும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். மிருதங்கத்தின் தொப்பி போன்ற கனத்த ஒலிகளே முதலில் மறையும். அதைத் தடுக்கவே பின்புறத்தை அடைத்து, காதோடு இறுக்கினார்கள். ஆனால் உள்ளே அடைபட்ட காற்று ஒரு வில்சுருளைப் போலத் தகட்டை எதிர்க்கிறது. கூட்டின் சுவரில் மோதித் திரும்பும் ஒலி இசையைக் கெடுக்கிறது.

1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்.டி. 414 என்ற ஹெட்போனை வெளியிட்டது. பின்புறம் திறந்தே இருந்தது. காதின்மேல் காற்று புகும் மஞ்சள் நுரைப்பஞ்சு மட்டுமே. காதை அடைக்க வேண்டாம் என்றால் இறுக்கவும் வேண்டாம், எடையும் குறைந்தது. கனத்த ஒலி சற்றுக் குறைந்தாலும், பாட்டு தலைக்குள் அடைபடாமல் வெளியிலிருந்து வருவதுபோல் கேட்டது. என் கருத்தில் இது நல்ல பண்டமாற்று.

1979-இல் சோனி வாக்மேன் வந்தபோது, அதனுடன் வந்த நுரைப்பஞ்சு ஹெட்போனின் எடை ஏறத்தாழ 50 கிராம்தான். அதற்குமுன் 300, 400 கிராம் ஹெட்போன்கள் சாதாரணம். நடந்துகொண்டே பாட்டுக் கேட்கும் பழக்கத்திற்கு இந்த எடைக்குறைவு மிக முக்கியமான காரணம்.

ஆனால் திறந்த வாசல் இருவழிப் பாதை. உங்கள் பாட்டு அடுத்தவர் காதில் விழும். வெளிச்சத்தமும் உள்ளே வரும். ஸ்ரீரங்கத்து வீதியில் நடக்கும்போது இது நன்மையே: பின்னால் வரும் வண்டியின் ஹாரன் கேட்கும். அதே ஹெட்போனுடன் காவிரிப் பாலத்தில் பஸ்ஸில் போகும்போதோ, எஞ்சின் இரைச்சலை மிஞ்ச ஒலியைக் கூட்டுவீர்கள். அங்கேதான் ஆபத்து. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபெல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபெல் என்றால் 4 மணி நேரம் மட்டுமே.