ஒரு வற்றுக்குள் எட்டும் துறைமுகம்

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துச் செல்வந்தர்கள் பாய்மரப் படகில் கரையோரமாகப் பல நாள் உலாப் போவதென்றால், பெரும்பாலும் சம்பளத்துக்கு ஒரு மாலுமியை அமர்த்திக்கொண்டார்கள். எந்த முனையை எப்போது சுற்றலாம், எந்தத் துறைமுக வாயிலில் மணல்திட்டு கிடக்கிறது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. நூற்றாண்டின் நடுவில் சிலர் கூலியாள் இல்லாமல் சிறு படகுகளில் கிளம்பினார்கள். இதைத் துணிச்சலின் வரலாறாகவே எழுதிவருகிறோம். துணிச்சல் மனிதர்களிடம் முன்பும் இருந்ததுதான். புதிதாக வந்தவை, கரையில் உட்கார்ந்தே பயணத்தைத் திட்டமிட உதவிய காகிதங்களும் எச்சரிக்கைகளும். பிரிட்டிஷ் கடற்படைத் துறை 1833-இல் ஓத அட்டவணை வெளியிடத் தொடங்கியது. 1859-இல் 'ராயல் சார்ட்டர்' கப்பல் புயலில் உடைந்து 400-க்கும் மேற்பட்டோர் மாண்டபின், பிரிட்டிஷ் வானிலைத் துறைத் தலைவர் ஃபிட்ஸ்ராய் 1861-இல் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூம்புகளை ஏற்றச் செய்தார்.

ஆங்கிலக் கால்வாயில் அட்டவணையின் அருமை நன்றாக விளங்கும். அங்கே அதிகம் வீசுவது தென்மேற்குக் காற்று. மேற்கே போகும் படகு காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து ஏற வேண்டும்; துணைக்கு இருப்பது மேற்கே ஓடும் வற்று (இறங்கு ஓத) நீரோட்டம் ஒன்றே. அதுவும் ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் திரும்பிவிடும். மணிக்கு நான்கு கடல்மைல் போகும் படகுக்கு எதிரே மூன்று மைல் ஓட்டம் வந்தால் மிஞ்சுவது ஒரு மைல். எனவே ஒரு வற்றுக்குள் எட்டும் துறைமுகமே அன்றைய எல்லை. ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால், முதல் நாள் விடியலில் கிடைத்த ஓட்டம் ஒரு வாரத்தில் நண்பகலுக்கு நகர்ந்துவிடும். வழியில் போர்ட்லண்ட் முனை வேறு இருக்கிறது. நிலத்தின் இருபுறமும் இறங்கும் ஓட்டங்கள் பெரிய ஓட்டத்தோடு மோதி, காற்று அடங்கிய நாளிலும் கடலைக் கலக்கி எறிகின்றன. கலங்கலுக்கும் பாறைக்கும் நடுவே ஒரு குறுகிய வழி உண்டு. அதில் நுழையும் நேரத்தை அங்கே போய்த் தேட முடியாது. முன்பே கணக்கிட்டிருக்க வேண்டும்.

மீனவர்கள் அட்டவணை இல்லாமலே ஓட்டவில்லையா என்று கேட்கலாம். ஓட்டினார்கள், பிறந்தது முதல் பழகிய கடலில். உலாப் போகிறவரோ ஒரே கோடையில் பத்து ஊர் மீனவர்களின் கடலைக் கடக்கிறார். இதைவிட வலுவான மறுப்பு ரிச்சர்ட் மக்மல்லன். பங்குத் தரகரான அவர் 1850-இல் மூன்று டன் படகில் தொடங்கி, 1869-இல் 'டவுன் சேனல்' நூலை வெளியிட்டார். காற்று மிஞ்சினால் கரைக்கு ஓடாமல் கடலிலேயே நின்று சமாளிப்பது அவர் கொள்கை. அப்படிப்பட்டவருக்குத் திட்டம் எதற்கு? எந்த வாயிலில் எந்த நேரம் நுழையக் கூடாது என்று அறிந்தவரால்தான் கடலில் நிற்பதென்று நிதானமாக முடிவெடுக்க முடியும். 1877-இல் பிரான்சின் செர்பூர் துறைமுகத்தில் கூலியாட்களை இறக்கிவிட்டு, சுமார் 20 டன் 'ஓரியன்' படகை அவர் தனியாளாக இங்கிலாந்துக்கு ஓட்டிவந்தார். மாலுமியின் தலைக்குள் இருந்த அறிவு கைமாறிவிட்டதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஒரு குறை மட்டும் மிச்சமிருந்தது. கடற்படை வரைபடங்கள் முதலில் கப்பல்களுக்கானவை. சிறு படகு ஒதுங்கக்கூடிய கழிமுகங்களைப் பற்றி அவை அதிகம் பேசவில்லை. ஃபிராங்க் கௌப்பர் அந்தத் துறைகளுக்குத் தாமே படகோட்டிப் போய்ப் பார்த்து, 1892 முதல் 1896 வரை 'செய்லிங் டூர்ஸ்' நூலை ஐந்து பாகங்களாக எழுதினார். மாலுமி வைக்க வசதியில்லாதவருக்கும் அதன்பின் துறை துறையாக வழி சொல்ல ஒரு புத்தகம் இருந்தது.