எடை இறங்கிய பின்னர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் வில்லியம் பான்ட்டிங் என்றொருவர் வாழ்ந்தார். சவப்பெட்டி செய்வதும் இறுதி ஊர்வலங்களுக்கு ஏற்பாடு செய்வதும் அவருடைய குடும்பத் தொழில். அரச குடும்பத்தாரின் இறுதிச் சடங்குகளையும் அக்குடும்பமே நடத்திக் கொடுத்தது. 1862ஆம் ஆண்டில், 66 வயதை ஒட்டியிருந்த அவர், 5 அடி 5 அங்குல உயரமும் 202 பவுண்டு எடையும் உடையவராயிருந்தார். குனிந்து காலணியின் நாடாவைக் கட்ட அவரால் இயலாது. மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பியே இறங்குவார். காது மந்தமாயிற்று என்று அவர் தேடிச் சென்ற வில்லியம் ஹார்வி என்னும் மருத்துவர், ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு முதலியவற்றை விலக்குமாறு கூறினார். ஓராண்டுக்குள் 46 பவுண்டு குறைந்தது. மகிழ்ச்சி தாளாத பான்ட்டிங், 1863இல் அவ்வனுபவத்தை ஒரு சிறு நூலாக எழுதி வெளியிட்டார். அந்நூல் பெற்ற செல்வாக்கினால் அவர் பெயரே ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாயிற்று. ஆங்கிலேயர் அச்சொல்லை மறந்துவிட்டனர். ஸ்வீடன் நாட்டார் மறக்கவில்லை. உணவைக் குறைத்து உடலை இளைக்கச் செய்வதற்கு 'பன்டா' என்பதே இன்றும் அவர்தம் சொல்.

பான்ட்டிங்கின் கதையைக் கூறுவோர் பெரும்பாலும் அந்த 46 பவுண்டோடு கதையை முடித்துவிடுகின்றனர். அவரோ அதன் பின்னர் 1878 வரை, 81 வயது வரை, வாழ்ந்தார். இளைத்தது ஓராண்டு, இளைத்த உடலோடு வாழ்ந்தது பதினைந்து ஆண்டு. இந்த இரண்டாம் பகுதியே நீண்டது. ஆயினும் வரலாற்றில் பதிவாகாமல் போவதும் அதுவே. அவருக்குப் பின் நூறாண்டு கழித்து, உடற்பருமனைக் குறைக்க அறுவை மருத்துவர்கள் கண்ட கருவிகளின் வரலாற்றிலும் இந்தக் குறையைக் காண்கிறோம். அவற்றுள் ஒன்றாகிய இரைப்பைப் பட்டையை எடுத்துக்கொண்டு, எடை இறங்கிய பின்னர் நிகழ்ந்தவற்றைக் காண்போம்.

எடையைக் காப்பது ஏன் அவ்வளவு அரிது? மனவுறுதி இல்லாமையே காரணம் என்று கூறிவிடுதல் எளிது. அது நேர்மையான விடையன்று. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், 1944–45இல், அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைவயிற்று உணவே அளித்து ஆராய்ந்தார். அவர்கள் பருமனானவர் அல்லர், நல்ல உடற்கட்டுடையவர். உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை அவர்கள் இழந்தனர். பின்னர் விரும்பிய அளவு உண்ண விட்டபோது, வயிறு நிறைய உண்டும் பசி அடங்கவில்லை என்றனர். 2011இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பருமனான 50 பேரைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வொன்று இதற்கு மற்றொரு சான்று தந்தது. பத்து வாரம் உணவைச் சுருக்கி இளைத்தவர்களின் இரத்தத்தில், பசியைத் தூண்டும் சுரப்புநீர், ஓராண்டு கழிந்த பின்னரும் மிகுந்தே காணப்பட்டது. இழந்ததை மீட்க வேண்டும் என்று உடல் இடைவிடாது முயல்கிறது. மனிதன் தான் வென்றதாகக் கருதும் எடையை, உடல் ஒரு பஞ்சகாலமாகவே கருதுகிறது போலும்!

பசியைக் கத்தியால் அடக்க முனைந்தோரின் முதல் முயற்சி நன்மையினும் தீமையே மிகுதியாகத் தந்தது. 1954ஐ ஒட்டி மின்னசோட்டாவில் தொடங்கிய முறையில், சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு செல்லும் வழியினின்றும் விலக்கிவிட்டனர். எடை விரைந்து இறங்கியது. கூடவே ஓயாத பேதியும், ஈரல் கேடும், சிறுநீரகக் கல்லும் வந்தன. அம்முறை கைவிடப்பட்டது. 1966இல் அயோவா மாநிலத்து எட்வர்டு மேசன், குடலை விட்டு இரைப்பையின் பக்கம் கவனத்தைத் திருப்பினார். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி நீக்கப்பட்டவர்கள் பருமனாவதில்லை என்பதைக் கண்டு, அதனையே மருத்துவமாக்கினார் அவர். இரைப்பையை வெட்டாமல், தைக்காமல், மேற்பகுதியில் ஒரு பட்டையைச் சுற்றிவிட்டாலே போதுமே என்னும் எண்ணம் 1970களின் இறுதியில் தோன்றியது. தொடக்கத்தில் சுற்றிய பட்டைகளின் இறுக்கத்தை மாற்ற வழியில்லை. ஒருவருக்குத் தளர்வாய் அமைந்தது மற்றொருவருக்கு நீரும் இறங்காத அளவுக்கு இறுகியது.

இறுக்கத்தை வேண்டியவாறு கூட்டவும் குறைக்கவும் இயலுமாறு செய்ததே பெரிய முன்னேற்றம். ஸ்வீடனில் ஹால்பெர்க், ஃபோர்செல் என்பவர்கள் 1985இல் ஒரு பட்டையை அமைத்தனர். அமெரிக்காவில் நியூ ஜெர்சியைச் சேர்ந்த, உக்ரேனிய வழிவந்த லுபோமிர் குஸ்மாக் 1986இல் மற்றொன்றைப் பொருத்தினார். சிலிகோன் என்னும் மென்பொருளால் ஆன வளையம். அதன் உட்புறத்தில் ஊதக்கூடிய ஒரு பை. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று புறப்பட்டு, வயிற்றின் தோலுக்கடியில் பதித்த ஒரு சிறு கிண்ணத்தில் முடியும். மருத்துவர் தோலின் வழியே ஊசியைச் செலுத்தி அக்கிண்ணத்தில் உப்புநீரை ஏற்றினால் வளையம் இறுகும். நீரை வாங்கினால் தளரும். பெல்ஜியத்தில் ஊய் என்னும் சிற்றூரில், 1993 செப்டம்பர் 1ஆம் நாள், மிட்டிகு பெலாசு என்னும் மருத்துவர், வயிற்றை அகலத் திறக்காமல் சிறு துளைகளின் வழியே இப்பட்டையைப் பொருத்திக் காட்டினார். அவர் பிறந்த நாடு எத்தியோப்பியா. பஞ்சத்தால் உலகம் அறிந்த நாட்டிலே பிறந்த ஒருவர், மிகுதியால் நேர்ந்த நோய்க்கு வழிகாட்டியானது நினைக்கத்தக்கது.

இனி, பட்டையோடு வாழ்பவரின் அன்றாடத்தைக் காண்போம். வளையத்துக்கு மேலே எஞ்சும் இரைப்பை ஒரு மேசைக்கரண்டி அளவே கொள்ளும். அங்கே உணவு நெடுநேரம் தேங்கி நிற்பதால் வயிறு நிறைகிறது என்றே முதலில் கருதினர். பின்னர் வந்த ஆராய்ச்சி வேறு கூறிற்று. நன்றாக மென்ற கவளம் ஓரிரு நிமிடங்களில் வளையத்தைக் கடந்து சென்றுவிடுகிறது. கடக்கும்போது அவ்விடத்து நரம்புகள் அழுத்தப்படுகின்றன. அவ்வழுத்தமே 'போதும்' என்னும் செய்தியாக மூளையை எட்டுகிறது. எனவே பட்டை ஓர் அடைப்பு அன்று. சிறு கவளமாக எடுத்து, கூழாகும்வரை மென்று, விழுங்கி, ஒரு நிமிடம் பொறுத்து, அடுத்த கவளத்தை எடுப்பவருக்கே அது வேலை செய்யும். பேச்சின் சுவையில் விரைந்து விழுங்கிய இறைச்சித் துண்டோ, மென்மையான ரொட்டியோ நெஞ்சில் நின்றுவிடும். வாயில் உமிழ்நீர் சுரந்து பெருகும். அவர் பந்தியை விட்டு எழுந்து செல்ல நேரும். சிலருக்குக் காலையில் பட்டை இறுகியும் மாலையில் தளர்ந்தும் இருப்பது போலத் தோன்றும்.

மருத்துவர் குறித்துக் கொடுத்த இலக்கு எடையை எட்டியவுடன் இவை யாவும் முடிந்துவிடும் என்று எண்ணுவோர் பலர். இலக்கு எடை என்பது மனிதர் தாளில் எழுதிய எண். பட்டை அதனை அறியாது. முன்பு வாரந்தோறும் எடைப்பொறியின் முள் இறங்கியது. உற்றார் வியந்து பாராட்டினர். புதிய ஆடைகள் வாங்கப்பட்டன. இப்போது முள் நகராமல் நிற்பதே வெற்றி. நகராத முள்ளைக் கண்டு எவரும் கைதட்டுவதில்லை. தொங்கும் தோல் எஞ்சியிருக்கும். விருந்தில் பாதி இலையோடு எழுவதைக் கண்டு, 'இன்னும் எதற்கு இந்தக் கட்டுப்பாடு?' என்று கேட்போர் இருப்பர்.

இந்நிலையில் எடை சிறிது ஏறுமாயின், பட்டையை மேலும் இறுக்கும்படி மருத்துவரை வேண்டுவது இயல்பு. இங்கேதான் ஒரு விந்தையான பொறி உள்ளது. அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் கீரையும் பழமும் இறைச்சியும் இறங்கா. பனிக்கூழும் இனிப்புப் பாலும் சாக்லேட்டும் தடையின்றி வழுக்கிச் செல்லும். உண்பவர் எளிதில் இறங்குவதையே நாடுவார். பட்டை இறுக இறுக எடை ஏறும்! ஆகவே மெல்போர்ன் மருத்துவர்கள், போக்குவரத்து விளக்கினைப் போல மூன்று நிறங்களைக் கூறினர். பசி விரைவில் மீண்டால் மஞ்சள். சிறிதளவு திட உணவில் நிறைவு உண்டானால் பச்சை. வாந்தியும், இரவில் இருமலும், நெஞ்செரிச்சலும் கண்டால் சிவப்பு. சிவப்பில் நீரை வாங்க வேண்டும், ஏற்றக் கூடாது. கருவுற்ற பெண்ணுக்கும் வேண்டுமாயின் தளர்த்தலாம். பட்டையின் சிறப்பு இவ்வாறு மாற்றிக்கொள்ளக்கூடிய தன்மையே. மாற்றுவதற்கு ஒரு கை எப்போதும் வேண்டியிருப்பதே அதன் குறை.

எடை காக்கப்பட்டதா? இதற்கு விடை தேடிய நெடிய ஆய்வு ஸ்வீடனில், 'பன்டா' என்னும் சொல் வழங்கும் அதே நாட்டில், 1987இல் தொடங்கியது. அறுவை செய்துகொண்ட ஏறத்தாழ 2,000 பேரையும், செய்துகொள்ளாத அத்துணைப் பேரையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தனர். பட்டை பொருத்தியோர் முதல் ஓரிரு ஆண்டில் சராசரியாக 20 விழுக்காடு எடை இழந்தனர். பத்தாம் ஆண்டில் அது 14 ஆகவும், பதினைந்தாம் ஆண்டில் 13 ஆகவும் சுருங்கிற்று. 120 கிலோ இருந்தவர் 96 கிலோவுக்கு இறங்கி, மெல்ல ஏறி, 104 கிலோவில் நின்றார் எனக் கொள்ளலாம். இதனைத் தோல்வி என்று நான் கூறமாட்டேன். அறுவை செய்துகொண்டோரிடை, எல்லா முறைகளையும் சேர்த்துப் பார்க்கையில், இறப்பு குறைந்தது என்றும் அந்த ஆய்வு 2007இல் காட்டியது.

பட்டையின் ஆயுள் பற்றி இரண்டு நகரங்கள் இரண்டு கதைகள் கூறின. 2011இல் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள், 1994 முதல் 1997 வரை தாங்கள் பட்டை பொருத்திய 151 பேரைத் தேடினர். 82 பேரே கிடைத்தனர். அவர்களுள் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பட்டை அகற்றப்பட்டிருந்தது. நூற்றுக்கு 28 பேரில் அது இரைப்பையின் சுவரை அரித்து உள்ளே புகுந்திருந்தது. 2013இல் மெல்போர்னில் பால் ஓ'பிரையன் குழுவினர், 3,227 பேரின் கணக்கை வெளியிட்டனர். மிகையான எடையில் 47 விழுக்காடு பதினைந்தாம் ஆண்டிலும் திரும்பவில்லை. பட்டை அகற்றப்பட்டோர் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு. ஆனால் மறு அறுவை அங்கும் பலருக்குத் தேவைப்பட்டது. பட்டையைப் பொருத்தும் முறை இடைக்காலத்தில் திருந்தியது ஒரு காரணம். ஓயாமல் நோயாளரை அழைத்துப் பார்த்து நீரைக் கூட்டிக் குறைத்த அந்த மெல்போர்ன் ஒழுங்கு மற்றொரு காரணம் என்பது என் கருத்து. பிரஸ்ஸல்ஸில் கிடைக்காமற்போன 69 பேர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை எந்த அட்டவணையும் கூறாது.

அமெரிக்க அரசு 2001இல் இப்பட்டைக்கு இசைவளித்தது. 2011இல் அந்நாட்டில் உடற்பருமனுக்காக நிகழ்ந்த அறுவைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவை பட்டை பொருத்தியவை. 2019இல் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போயிற்று. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கி, அதனை ஒரு குழல் போலாக்கும் அறுவை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. அதில் இறுக்கவும் தளர்த்தவும் ஒன்றுமில்லை. மருத்துவருக்கு வேலை குறைவு. பட்டையைச் செய்து விற்ற தொழிலும் 2006, 2013, 2018 ஆகிய ஆண்டுகளில் கை மாறியது.

கருவி வழக்கொழிந்தது, அதனை வயிற்றில் தாங்கியோர் ஒழிந்துவிடவில்லை. 2005இல் 30 வயதில் பட்டை பொருத்திக்கொண்ட ஒருவர் 2025இல் 50 வயதை எட்டினார். அவருக்கு அறுவை செய்த மருத்துவர் ஓய்வு பெற்றிருக்கலாம். குடிபெயர்ந்த ஊரில் அந்த ஊசியைச் செலுத்தப் பழகிய கை இல்லாமலிருக்கலாம். பட்டை அரிக்காமலும் நழுவாமலும் இருந்தால் அப்படியே விட்டுவைக்கலாம் என்பர் மருத்துவர். அகற்றினால் பெரும்பாலும் பசி மீளும், எடையும் மீளும். ஆதலால் சிலருக்கு அகற்றும்போதே, அல்லது சில மாதம் கழித்து, வேறோர் அறுவையைச் செய்கின்றனர். பிரஸ்ஸல்ஸில் கண்டுபிடிக்கப்பட்ட அந்த 82 பேரை, பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வாழ்வுக்குப் பிறகு, மனநிறைவு உண்டா என்று கேட்டனர். பாதிப் பட்டைகள் அகற்றப்பட்டுவிட்ட அக்கூட்டத்தில், நூற்றுக்கு 60 பேர் உண்டு என்றே விடை கூறினர்.